பேஸ் கிட்டாருக்கு எதற்குப் பெடல்?

காணிக்கைப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. வெல்வெட் பைகள் வரிசை வரிசையாகக் கைமாறின. பைக்குள் சில்லறை விழும் சத்தம்கூடக் கேட்கும் அளவுக்குப் பாடகர் குழு மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

என் காலடியில் ஒரு கறுப்புப் பெட்டி, கிட்டாரின் சத்தத்தை மாற்றும் பெடல். அதில் மூன்று பொத்தான்கள். ஜெப நேரத்தில் அது லேசாக இரையும் என்பதால் அணைத்து வைத்திருந்தேன். மறுபடி போட மறந்துவிட்டேன் என்பது பாட்டு தொடங்கிய பிறகுதான் உறைத்தது. பேஸ் கிட்டாரை வாசித்துக்கொண்டே வலது காலின் பெருவிரலால் முதல் பொத்தானைத் துழாவி அழுத்தினேன்.

அழுந்தியது மூன்றாவது பொத்தான்.

கோயில் அதிர்ந்தது. பாலம் ஏறும் கரி லாரி பீடத்துக்கு முன்னால் வந்து நின்று உறுமியதுபோல ஒரு சத்தம். காணிக்கைப் பை ஏந்தி வந்தவர் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டார். முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. பதறிப்போய் அணைக்கப் பார்த்தேன். கால் இரண்டாவது பொத்தானில் விழுந்தது. அது எதிரொலி. இப்போது அந்த உறுமல் திரும்பத் திரும்ப வந்தது.

கடைசியில் வயரைப் பிடித்துப் பிடுங்கினேன். ஒலிபெருக்கியில் ‘பட்’டென்று ஒரு வெடி. பிறகு அமைதி.

பாடகர் குழு பாட்டை விடவில்லை. அது குழுவை நடத்தும் ஞானதுரை ஸாரின் பயிற்சி. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய கழுத்துப் பின்புறம் சிவந்திருந்தது பேஸ் நிற்கும் மூலையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கப்பலுக்குப் போனவர் விட்டுப்போன கிட்டார்

இந்தத் தொடரைச் சில வாரங்களாகப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். நாசரேத்தில் பிறந்து, தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் இன்றும் வேலை பார்க்கும் பியூலா. சரக்குப் பத்திரங்களைத் தட்டச்சு செய்வது பிழைப்பு. பேஸ் கிட்டார் வாசிப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. பிழைப்பைப் பற்றித்தான் இதுவரை நிறைய எழுதியிருக்கிறேன்.

பேஸ் என் கைக்கு வந்தது தற்செயல்தான். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த புதிதில் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடினேன். குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். கிட்டார் மட்டும் உறையோடு கோயில் பீரோவுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. உப்புக் காற்றில் கம்பிகள் துருவேறத் தொடங்கியிருந்தன. துடைக்கலாமே என்று எடுத்தேன். துடைத்துவிட்டு ஒரு கம்பியைச் சுண்டினேன். ஒலிபெருக்கியில் இணைக்காத அந்தக் கிட்டார் ஏதோ முனகியது. காதில் கேட்டதைவிட என் வயிற்றில் அது அதிகமாகத் தெரிந்தது.

அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன். ஒரு பெண் பேஸ் வாசிப்பதா என்று ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். ஞானதுரை ஸார் கேட்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் பாடகர் குழுவுக்குப் பல வருடங்களாக அவர்தான் தலைவர். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “தாளம் ஒழுங்கா நிக்குமா?”

“நிக்கும் ஸார்.”

“அப்பச் சரி.”

நின்றது. பல வருடங்கள் நின்றது.

பேஸ் என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு என் வீட்டுக்காரர் அலோசியஸ் ஒரு பதில் வைத்திருக்கிறார். அவர் துறைமுகத்தில் டக் படகில் எஞ்சின் பார்ப்பவர். பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் கரையில் கட்டவைக்கும் சின்னப் படகுதான் டக். “பாட்டுப் பாடுதது கப்பல். பேஸு டக்கு. போட்டோவுல கப்பல்தான் விழும்” என்பார். அவர் கடலோரத்துக் கத்தோலிக்கர். தன் கோயிலில் விடியற்காலைப் பூசையை முடித்துவிட்டு எங்கள் புராட்டஸ்டன்ட் கோயிலுக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்காருவார். பிரசங்கத்தில் தூங்குவார். பாட்டில் விழித்துவிடுவார்.

கேஸ் குமிழ் திரும்பாத காலை

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அது தொடங்கியது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. அடுப்புக் குமிழைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது. இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்கும்போது கை நழுவி, ஆவி முழங்கையில் அடித்தது. அலுவலகத்தில் தட்டச்சு செய்தால் எழுத்துகள் விட்டுவிட்டு விழுந்தன. கல்யாண மோதிரம் வீங்கிய விரலில் சிக்கிக்கொண்டது. சோப்பு நுரை, தேங்காயெண்ணெய், நூல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் தெரிந்த நகைப் பத்தர் ஒருவர் சின்ன ரம்பத்தால் அதை அறுத்தெடுத்தார். தங்கத்தூள் என் புறங்கையில் மினுங்கியது. அலோசியஸ் அதைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனோம். முடக்குவாதம் என்றார். ஊரில் சரவாங்கி என்று சொல்வார்களே, அதுதான். கை, கால் இரண்டின் சின்ன மூட்டுகளையும் பிடிக்குமாம். வாரத்தில் ஒருநாள் மட்டும் போடவேண்டிய மாத்திரை ஒன்றை எழுதித் தந்தார்.

“கிட்டார் வாசிக்கலாமா டாக்டர்?”

“வாசிங்க. கையை வேலை வாங்குங்க, வதைக்காதீங்க.”

அந்த வாக்கியத்தின் முதல் பாதி மட்டும்தான் என் காதில் நின்றது.

பேஸ் கம்பிகள் தடிமனானவை. மற்றக் கிட்டார்போல வருடினால் பேசாது. விரல்நுனியால் இழுத்து விடவேண்டும். என்னால் அது முடியவில்லை. மெல்லிய கம்பிகளாக மாற்றிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை என்று இருந்தது. கட்டைவிரல் சதையால் வாசித்துப் பார்த்தேன். நாலு ஸ்வரம் கேட்டால் அஞ்சாவது காணாமல்போகும். ஒலிபெருக்கியைக் கூட்டினால் கேட்பது குமுறும், கேட்காதது அப்போதும் கேட்காது.

“பியூலா, பேஸ் இருக்கா இல்லியா?” என்று ஞானதுரை ஸார் பயிற்சியின்போது கேட்கத் தொடங்கினார்.

“இருக்கு ஸார்.”

நோயைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை நோயாளிகளுக்கான ஜெபத்தில் என் பெயரை வாசிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்து அக்காமார் என் கையைப் பிடித்துத் தடவிக்கொடுப்பார்கள். எல்லாம் அன்பினால்தான். அந்த அன்பு என் தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றி, என்னை மூன்றாவது பெஞ்சில் உட்கார வைத்துவிடும். எனக்கு உட்கார விருப்பமில்லை.

வின்ச் போலவா?

ஒருநாள் பேஸ் வாசிப்பவர்கள் கூடிப் பேசும் ஒரு இணையக் குழுவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பேஸ் வாசிப்பவர் பெடல் பயன்படுத்தலாமா, கூடாதா? ஒரு கட்சி, விரல் இருக்கும்போது பெட்டி எதற்கு என்றது. மறு கட்சி, சமையலுக்கு உப்பு எதற்கு என்று கேட்டது. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒருவர் போகிறபோக்கில் எழுதியிருந்தார்: ‘கம்ப்ரஸ்ஸர் பெடல் போட்டால் மெல்லத் தொட்ட ஸ்வரமும் ஓங்கித் தொட்ட ஸ்வரமும் ஒரே மட்டத்துக்கு வரும். அது ஏமாற்று.’

ஏமாற்று என்று அவர் திட்டியதுதான் எனக்கு வழிகாட்டியது. அலோசியஸிடம் விளக்கினேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“எங்க வின்ச் மாரின்னு சொல்லுத.”

“வின்ச்சா?”

“டக்குல கயிறு சுத்துத எந்திரம். கப்பல் அலையில எழும்புச்சுன்னா கயிறு விறைக்கும். அப்ப கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். தொய்ஞ்சா சுருட்டிக்கிடும். கயிறு எப்பவும் ஒரே இழுவையில நிக்கும். இல்லன்னா கயிறு அந்து ஆளடிச்சுரும்.”

“அதேதான்.”

“அப்ப அது எப்படிளா ஏமாத்து? அது இல்லாமக் கப்பலே கட்ட முடியாதே!”

அடுத்த வாரம் அவருடைய சிநேகிதர், கப்பலில் போய் வருபவர், தன்னிடம் சும்மா கிடந்த ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினார். பல எஃபெக்ட் ஒன்றாக அடைத்த பெட்டி. அதில் கம்ப்ரஸ்ஸரும் இருந்தது. முதல் பொத்தானில் அதை வைத்துக்கொண்டேன். மற்ற இரண்டில் அந்தச் சிநேகிதர் தன் ராக் இசை வாசிப்புக்காக என்ன வைத்திருந்தார் என்று நான் பார்க்கவில்லை. என் கால்விரல்களும் காலையில் விறைத்துப்போகும் என்பதையும் யோசிக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததைத்தான் மேலே சொல்லிவிட்டேன்.

வெஸ்ட்ரியில்

ஆராதனை முடிந்ததும் ஞானதுரை ஸார் என்னை வெஸ்ட்ரிக்குக் கூப்பிட்டார். அங்கிகள் தொங்கும் அந்தச் சின்ன அறையில் பாச்சா உருண்டை வாசனை. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

“எதுக்கும்மா இந்தப் பெட்டி?”

“சத்தம் சீரா வரதுக்கு ஸார்.”

“சீரா வரதுக்கு விரல் இருக்கு. பெடலெல்லாம் மேடைக் கச்சேரிக்கு. அங்க ஆட்களைத் துள்ள வைக்கணும். இங்க ஜனங்க பாடணும். அவங்க பாட்டு அவங்க காதுல விழணும்.” கொஞ்சம் நிறுத்தினார். “இன்னைக்கு நீ பெட்டி கொண்டுவந்தா, நாளைக்கு வாலிபர் சங்கத்துல ஆளுக்கு ரெண்டு கொண்டுவருவான். வாசிக்கப் படிக்க மாட்டான். பொத்தான் அமுக்கப் படிப்பான்.”

அவர் சொன்னதில் தவறு என்று நான் எதைச் சொல்ல முடியும்? அப்படிப்பட்ட பையன்களை நானும் பார்த்திருக்கிறேன்.

“பிரதிஷ்டைப் பண்டிகை வருது. பெட்டி இல்லாம வாசி. முடியலன்னா சொல்லு. கீபோர்டு வாசிக்கிற பிள்ளை இடது கையில பேஸையும் சேத்துப் பாத்துக்கிடும்.”

ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை எங்களுக்குப் பெரிய நாள். வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் எல்லாம் வந்துசேருவார்கள். அன்று மதியம் சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனம். பந்தலில் பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறியும் வேகும். பண்டிகை ஆராதனை சூரியன் உதிக்கும் நேரத்திலேயே தொடங்கிவிடும். என் விரல்கள் மிக மோசமாக இருக்கும் நேரம் அது.

வெளியே வந்தால் செல்வின் வண்டியருகே நின்றுகொண்டிருந்தான். எங்கள் ட்ரம்ஸ்காரன். மாப்பிள்ளையூரணியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான்.

“அக்கா, கைக்கு என்ன?”

“ஒண்ணுமில்லையே.”

“சும்மா இருங்கக்கா. ரெண்டு மூணு மாசமாக் குச்சிய வச்சுட்டுப் பிரஷ்ஷ வச்சு அடிக்கேன். எதுக்குன்னு நெனச்சீங்க? நீங்க மெல்ல வாசிக்கீங்க. நான் ஓங்கி அடிச்சா உங்கள முழுங்கிருவேன்லா.”

இத்தனை மாதம் அவன் வாயைத் திறக்காமல் எனக்காக வாசித்திருக்கிறான்.

“அந்தப் பெரிய பெட்டி வேண்டாம்க்கா. ஒத்தைப் பெட்டி போதும். வெறும் கம்ப்ரஸ்ஸர். ஒரே பொத்தான். தப்பா மிதிக்கவே முடியாது.”

சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அதை அவனே தேடிப் பிடித்துத் தந்தான்.

“கழட்டிரு”

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி. நான் அந்தப் பெட்டியைத் தரையில் வைத்து வயரை இணைத்தேன். ஒளித்துவைக்கவில்லை. ஞானதுரை ஸார் பார்த்தார்.

“கழட்டிரு.”

“ஒருதரம் கேட்டுட்டுச் சொல்லுங்க ஸார்.”

“கழட்டிரு பியூலா.”

கழற்றினேன். கிட்டாரை நேராக ஒலிபெருக்கியில் செருகினேன். “சரி ஸார். பண்டிகைப் பாட்டையே எடுங்க” என்றேன்.

எனக்குள் ஒரு வைராக்கியம் வந்திருந்தது. முதல் சரணத்தை முழுப் பலத்தோடு வாசித்தேன். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் விரல் மூட்டில் ஊசி ஏறியது. இரண்டாம் சரணத்திலும் விடவில்லை. பாடுபவர்களில் சிலர் பாடிக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். பேஸ் நன்றாகக் கேட்டது போலிருக்கிறது. மூன்றாம் சரணத்தில் ஆள்காட்டி விரல் கம்பியைத் தொட்டது, ஆனால் இழுக்கவில்லை. நடுவிரலால் முயன்றேன். அதுவும் வரவில்லை. கை கம்பிகளின் மேல் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. பாட்டு அப்படியே அடியில்லாமல் போய் முடிந்தது.

கையைக் கம்பிகளிலிருந்து எடுத்து ஸாருக்கு நேராக நீட்டினேன்.

“இதுதான் ஸார் என் கை” என்றேன். “முடக்குவாதம். இது சாயங்காலக் கை. காலையில இதைவிட மோசமா இருக்கும்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு மழை தாண்டியாச்சு.”

“ஏன்மா சொல்லல?”

“சொன்னா என்ன சொல்வீங்கன்னு தெரியும் ஸார்.”

நான் பயந்ததையே அவர் சொன்னார். “நீ ரெஸ்ட் எடும்மா. ஜெபத்துல உன் பேரச் சொல்லுவோம். கையக் கெடுத்துக்கிட்டு இதச் செய்யணும்னு ஆண்டவர் கேக்க மாட்டாரு.”

“பேரச் சொல்லுங்க ஸார், வேண்டாங்கல. ஆனா பேஸ் நான் வாசிப்பேன். ரெஸ்ட் கேட்டு நான் வரல.”

குனிந்து பெட்டியை மறுபடி இணைத்தேன். அவர் தடுக்கவில்லை. அதே பாட்டை, விரல்நுனியால் தொட்டுத்தொட்டு வாசித்தேன். மூன்று சரணமும் வந்தது. ஒரு ஸ்வரம் விடாமல் வந்தது. செல்வின் பிரஷ்ஷை வைத்துவிட்டுக் குச்சியை எடுத்துக்கொண்டான்.

முடிந்ததும் எல்லோரும் ஸாரைப் பார்த்தார்கள். அவர் உடனே மனம் மாறிவிடும் ஆளல்ல.

“கேக்குது” என்றார். “ஆனா ரெண்டாம் சரணம் மெல்லப் பாடுத இடம். கவனிச்சியா? எல்லாரும் இறங்குனாங்க, நீ இறங்கல. மெல்லத் தொட்டாலும் அந்தப் பெட்டி தூக்கி விட்டுருது. எல்லா ஸ்வரமும் ஒரே உசரத்துல நிக்கி. வாசிக்க ஆள் இருக்க மாரியே தெரியல.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. வாசித்தபோதே எனக்கும் அது தெரிந்திருந்தது. கேட்கிறதே என்ற மகிழ்ச்சியில் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன்.

“ஒரு வாரம் தாங்க ஸார்.”

“வந்து வாசி. பாப்போம்.”

குசினியிலிருந்து வந்த தீர்ப்பு

அந்த வாரம் அலுவலகம் விட்டு வந்ததும் நேரே கிட்டாரிடம்தான் போனேன். பெட்டியில் மூன்று குமிழ்கள். ஒன்று எவ்வளவு அமுக்குவது, ஒன்று எவ்வளவு சீக்கிரம் விடுவது, ஒன்று மொத்தச் சத்தம். மயிரிழை திருப்பினால் போதும், எல்லாம் மாறிவிடும்.

வாசிப்பவருக்குத் தன் வாசிப்பு சரியாகக் கேட்காது. அதனால் அலோசியஸைக் குசினியில் நிறுத்தினேன். எங்கள் வீட்டில் அடுக்களை என்ற சொல் இல்லை. அவர்கள் பக்கத்தில் அது குசினிதான். அவர் மீன் கழுவிக்கொண்டே அங்கிருந்து கத்துவார்.

“இப்ப?”

“கேக்குது.”

“இப்ப?”

“கேக்குது.”

“மெல்ல வாசிச்சேன். அதுவுமா கேக்குது?”

“ஆமா. ஒரே மாரிக் கேக்குது.”

குமிழைக் குறைப்பேன். மறுபடி வாசிப்பேன்.

“ஏளா, நிப்பாட்டிட்டியா?”

நிப்பாட்டியிருக்க மாட்டேன். வாசித்துக்கொண்டிருப்பேன். குறைத்தது அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

வியாழக்கிழமைபோல ஒன்று புரிந்தது. நான் பெட்டியை முழுவதும் நம்பியிருந்தேன். விரல் என்ன செய்தாலும் அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தேன். அப்படி விட்டால் அது எல்லாவற்றையும் தானே செய்துவிடுகிறது. பாதிக்கு மேல் குறைத்து, காணாமல்போகும் ஸ்வரத்தை மட்டும் அது தாங்கிப் பிடிக்கும்படி வைத்தேன். மீதியை விரல் செய்தாக வேண்டும். வலிக்காமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அந்த எல்லைக்குள்ளும் மெல்லியது, அதைவிட மெல்லியது, கொஞ்சம் ஓங்கியது என்று மூன்று படிகள் எனக்கு மிச்சமிருந்தன. அதைக் கண்டுபிடித்த சாயங்காலம் எனக்கு அழுகை வந்தது. அலோசியஸ் ஈரக்கையோடு வந்து நின்றார்.

“என்னளா, வலிக்கா?”

“இல்ல. இப்பக் கேட்டிகளா?”

“கேட்டேன். மொதல்ல நீ பக்கத்துல இருந்த. பெறவு தள்ளிப் போன. பெறவு திரும்பி வந்த.”

அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

சனிக்கிழமை வாசித்தேன். ஞானதுரை ஸார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, “ஒரே பெட்டி. ரெண்டாவது ஒண்ணு இந்தப் படிக்கட்டு ஏறக்கூடாது” என்று மட்டும் சொன்னார். சபைப் போதகரான ஐயரிடமும் அவரே போய்ச் சொன்னார். என் பெயர் ஜெபத்தில் வாசிக்கப்பட்டது. அக்காமார் வந்து கையைத் தடவினார்கள். நான் தடவவிட்டேன். கிட்டார் தோளிலேயே இருந்தது.

வாசகர்கள் கேட்பார்கள் என்பதால்

அப்படியானால் பேஸ் வாசிப்பவர்கள் பெடல் வைத்துக்கொள்ளலாமா? இதை நான் எழுதப்போகிறேன் என்றதும் செல்வின் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும்படி சொன்னான்.

வைத்துக்கொள்ளலாம். என்னிடம் இப்போது இன்னொன்றும் இருக்கிறது. கோயில் படிக்கட்டு ஏறாதது. ஒரு ஸ்வரத்துக்குக் கீழே அதன் நிழல்போல இன்னொரு ஸ்வரத்தைச் சேர்க்கும். வீட்டில் அலோசியஸ் பாடும்போது அதைப் போட்டுக்கொள்வேன். தண்ணீருக்குள் வாசிப்பதுபோல அலையவைக்கும் பெடல் ஒன்று உண்டு. கேட்டுப் பார்த்தேன். சுருதி தள்ளாடுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்குக் கோயிலை அலறவைத்த அந்த உறுமல்கூட மோசமானதல்ல. அதன் இடம் காணிக்கைப் பாட்டு இல்லை, அவ்வளவுதான்.

விரல் மட்டும் போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் விரல்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் பெட்டி வைத்திருப்பவரைப் பார்த்து ஏமாற்று என்று சொல்வதற்கு முன்னால், ஏன் வைத்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.

பண்டிகைக் காலை

பண்டிகையன்று இருட்டு விலகுவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். விரல்கள் எதிர்பார்த்தபடியே மரக்கட்டையாக இருந்தன. பேசினில் வெந்நீர் ஊற்றிக் கைகளை முக்கி வைத்துக்கொண்டு குசினியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு விரலாக மடங்கியது. சேலையில் பின் குத்த மட்டும் முடியவில்லை. அதை அலோசியஸ் குத்திவிட்டார். ஒரு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் எடுத்துக்கொண்டோம்.

கோயில் நிறைந்திருந்தது. இடமில்லாமல் வெளியே பந்தலிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். மல்லிகையும் புதுத்துணி வாசனையும். சமையல் பந்தலில் அசனத்துக்காக இஞ்சி பூண்டு அரைக்கும் வாசனையும் காற்றில் வந்துகொண்டிருந்தது. வெஸ்ட்ரியில் கடைசியாக ஒருமுறை கையை வெந்நீரில் முக்கி எடுத்தேன். ஈரம் போகவேண்டுமே என்று கீபோர்டு வாசிக்கும் பெண் தன் துப்பட்டாவை நீட்டினாள். என் இடம் அவளுக்குப் போகவிருந்தது. அவள் அதை விரும்பியிருக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது.

முதல் பாட்டு தொடங்கியது. பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. சபை முழுவதும் எழுந்து நின்று பாடியது. அத்தனை குரல்களுக்கும் அடியில் நான் இருந்தேன். தரை வழியாக என் பாதத்துக்கே அது தெரிந்தது. வலி இருந்தது. பொறுக்கிற வலிதான். இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு. விரல்கள் சூடேறி இளகிக்கொண்டே வந்தன. செல்வின் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தான், முழு வீச்சில்.

நான்காம் பாட்டின் நடுவில் ஞானதுரை ஸார் என் பக்கம் திரும்பினார். இடது கையைத் தாழ்த்தி விரல்களை லேசாக அசைத்தார்.

பேஸ் அதிகம், குறை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மறுபடி காட்டினார், கொஞ்சம் கண்டிப்போடு, நன்றாக இருக்கிற ஒரு ஆளிடம் காட்டுவதுபோல. செல்வின் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கமாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் பெட்டியைத் தொடவில்லை. விரலால்தான் குறைத்தேன். கடைசிச் சரணத்துக்கு அவர் கேட்காமலேயே ஏற்றினேன்.